ரோசாப்பூத் துரை என்னும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்

குலச் சங்கங்கள் நடத்தும் பத்திரிகைகள் தத்தம் குலத்திற் பிறந்த பெரியோர் வரலாறுகளையே எழுதுதல் வழக்கம். யாமும் பெரும்பான்மை அவ்வழக்கைத் தழுவியே வந்துள்ளோம். இத்திங்கள் அதனினின்றும் சிறிது விலகி, வேறு நாட்டில் வேறு குலத்தில் வேறு சமயத்திற் பிறந்து, மதுரையை வாழிடமாகக் கொண்டு, தமக்கு உறவல்லாதார் பொருட்டு வழக்காடிய ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுகின்றோம். மக்களின் ஒழுக்கத்தை இது நன்று, இது குற்றம் என்று வகுத்துரைப்பது சட்டத்தின் தொழில். அவ்வகுப்பு, செய்த செயலைப் பற்றியதாயின் அது நீதி. செய்தவன் பிறந்த குடியைப் பற்றியதாயின் அது நீதியின் வேடம் பூண்ட அநீதி. இவ்வேறுபாட்டை நூலிற் கற்றதோடு அமையாது வாழ்விலும் கண்டவர் இவர்.

ஜார்ஜ் ஜோசப் 1887ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் தேதி, அந்நாளில் திருவிதாங்கூர் இராச்சியத்தைச் சார்ந்திருந்த செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். புகழ்பெற்ற பத்திராதிபர் போத்தன் ஜோசப் இவருடைய தம்பியாவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, எடின்பரோ சர்வகலாசாலையில் தத்துவம் கற்று, இலண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்று, 1909இல் தாய்நாடு திரும்பினார். சென்னையிற் சிறிது காலம் தொழில் நடத்திய பின்னர் மதுரையை அடைந்தார். பொருளீட்டுதலே கருத்தாயிருந்திருப்பின் பெருஞ்செல்வராய் விளங்கியிருப்பார். அவர் உள்ளம் அதில் நில்லாதாயிற்று.

சுயராஜ்யத்தைக் குறித்து இங்கிலாந்து மக்களிடையே எடுத்துரைக்கும் பொருட்டு, அன்னி பெசன்ட் அம்மையாரின் வேண்டுகோளின்படி, சையத் ஹுசேன், பி. வி. நரசிம்மன் ஆகிய இருவருடன் இவர் கப்பலேறினார். ஜிப்ரால்டரில் அரசாங்கத்தார் இவர்களைத் தடுத்தனர்; பின்னர் இந்தியாவுக்கே திருப்பியனுப்பினர். இவர்கள் அங்கு யாதொரு குற்றமும் செய்தாரில்லை. இனிப் பேசப்போவது யாதென்ற ஐயமே போதுமானதாயிற்று. செயல் நிகழுமுன்னரே ஒருவனை ஆகாதவன் என்று வகுத்துவிடும் ஆட்சியின் இயல்பை ஜோசப் தம் அநுபவத்தில் அறிந்த நிகழ்ச்சி இது. இஃது எவ்வளவு பெரிய கொடுமையாகக் கூடும் என்பதை மதுரைச் சீமை அவருக்குக் காட்டிற்று.

இவ்விடத்துச் சட்டத்தின் வரலாற்றைச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டு இன்னதென்று வரையறுத்த முறையை நோக்குமின். எடுக்கப்பட்டது அசையும் பொருளாதல் வேண்டும். அது பிறன் வசத்தில் இருத்தல் வேண்டும். அவன் இசைவு இல்லாதிருத்தல் வேண்டும். எடுப்பவனிடத்து வஞ்சகக் கருத்து உண்டாதல் வேண்டும். பொருள் இடம் பெயர்க்கப்படுதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் அது திருட்டாகாது. எடுத்தவன் எக்குடியிற் பிறந்தான் என்ற வினா அவ்விலக்கணத்தில் இல்லை.

ஆயினும், அதே ஆட்சியார் 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டம் என ஒன்றை வடநாட்டில் ஏற்படுத்தினர். 1911இல் அது திருத்தி விரிக்கப்பட்டுச் சென்னை இராஜதானிக்கும் வந்தது. ஒரு கூட்டத்தார் வழிவழியாகக் குற்றஞ் செய்பவர் என்று அரசாங்கத்தார் நம்புவாராயின், விளம்பரம் ஒன்றினாலேயே அக்கூட்டம் முழுவதையும் குற்றப் பரம்பரை என அறிவித்துவிடலாம். அவ்விளம்பரம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் விசாரித்தல் கூடாது. அறிவிக்கப்பட்டோர் பெயரும் கைரேகையும் பதியப்படும். அயலூர் செல்லவேண்டின் ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் ஆண்மக்கள் போலீசாரிடம் ஆஜராகவேண்டும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோகவும் அச்சட்டம் இடந்தந்தது. தண்டனைச் சட்டத்தில் வழக்காடுவோர் குற்றத்தை மெய்ப்பித்தல் வேண்டும். இதிலோ, ஒருவன் இன்ன தாயின் வயிற்றிற் பிறந்தான் என்பதே மெய்ப்பாயிற்று.

மதுரை ஜில்லாவிற் பிரமலைக் கள்ளர்மீது இச்சட்டம் ஏவப்பட்டது. அவர்கள் பல ஊர்களில் காவற்றொழில் நடத்தி வந்தவர்கள். பயிரையும் மாட்டையும் காத்தற்கு ஊரார் கூலி கொடுப்பர். களவுபோன மாட்டை மீட்டுத் தருதற்குத் துப்புக்கூலி என்று பெயர். இம்முறையில் தீங்கு இல்லாமலில்லை. காவற்கூலி கொடாதவன் மாடு காணாமற் போதலும், மாட்டைக் கவர்ந்தவரே துப்புக்கூலி பெறுதலும் உண்டென்று குடியானவர் முறையிட்டதை யாம் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் காவல் என்பது ஊரார் ஏற்ற பழைய உரிமை. போலீஸ் என்னும் புதிய காவல் வந்தவுடன் பழைய காவல் குற்றமெனப் பெயர் மாறிற்று. செயல் அதுவே, அதற்கு இட்ட பெயர் மாறியது. தவறு செய்தவரைப் பிடித்துத் தண்டித்தல் வேறு; தவறு செய்யாத உழவனையும், நேற்றுப் பிறந்த மகவையும் ஒரே ஏட்டில் எழுதுதல் வேறு.

இச்சட்டத்தை எதிர்த்தவருள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரார் முதலிடம் பெறுவர். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி, கைரேகை பதியமாட்டோம் என்று மறுத்து நின்ற அவ்வூர் மக்கள்மீது போலீசார் துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தனர். ஒரு பெண்ணும் உட்படப் பதினாறு பேர் மாண்டனர் என்று நினைவுகூர்கின்றனர். கையெழுத்தறியாத உழவர், தம் விரல் நுனியிலுள்ள கோடுகளைக் கொடுத்தற்கு மறுத்து உயிரைக் கொடுத்தனர். அக்கோடுகளை இட்டால் தாமும் தம் மக்களும் என்னவென்று எழுதப்படுவர் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாட முன்வந்தவர் ஜோசப். விளம்பரத்தை நீதிமன்றம் விசாரித்தல் கூடாதென்று சட்டமே வாயிலை அடைத்திருந்தமையால், மன்றத்துக்கு வெளியேயும் வழக்கை நடத்தினார். ஹிந்து முதலிய பத்திரிகைகளில் இம்மக்களின் துயரை எழுதி, படித்தோர் உள்ளத்தில் நாணம் உண்டாக்கினார். மேற்சட்டையில் ரோசாப்பூ அணிதல் இவர் வழக்கமாதலின், ஜோசப் என்னும் பெயர் நாட்டுப்புற மக்கள் நாவில் ரோசாப்பூத் துரை என்றாயிற்று. அம்மக்கள் தம் பிள்ளைகட்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டனர். சர்க்கார் ஏட்டில் இழிபெயர் எழுதப்பட்டோர், தமக்காக நின்றவனுக்கு மலரின் பெயரை இட்டு வழங்கினர்.

பின்னர் ஜோசப் ஒத்துழையாமை இயக்கத்திற் சேர்ந்து வக்கீல் தொழிலைத் துறந்தார். அலகாபாத்தில் மோதிலால் நேரு நடத்திய இண்டிபெண்டண்ட் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்து, 1921 டிசம்பரிற் கைதாகிச் சிறை புகுந்தார். 1923இல், காந்தியடிகள் சிறையிலிருந்த காலத்தில், யங் இந்தியா பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பையும் தாங்கினார்.

1924இல் வைக்கம் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஈழவர், புலையர் முதலியோர் நடத்தல் கூடாதென்பது அங்கிருந்த தடை. கிறிஸ்தவரும் முகம்மதியரும் அவ்வீதிகளில் தடையின்றி நடக்கலாம். ஆதலின் ஜோசப்புக்கு அவ்வீதி என்றும் திறந்தே இருந்தது. தமக்கில்லாத தடையை உடைக்கவே அவர் அங்கே சென்றார். தலைவர்கள் சிறைப்பட்டபோது தலைமையை ஏற்றுத் தாமும் சிறைப்பட்டார். அது இந்துக்களே தீர்த்துக்கொள்ள வேண்டிய குறையென்றும், கிறிஸ்தவராகிய அவர் விலகி நிற்றல் நன்றென்றும் காந்தியடிகள் கருத்துத் தெரிவித்தார். அடிகளின் கருத்துக்குக் காரணம் இருக்கலாம். எனினும் குடியைக் கொண்டு மனிதனை வகுத்தல் தகாதென்று போராடச் சென்றவர், சமயத்தைக் கொண்டு தாமே வகுக்கப்பட்டு வெளியே நிற்க நேர்ந்ததை நினைக்குந்தோறும் எம் நெஞ்சம் வருந்துகின்றது.

மீண்டும் மதுரைக்கு வந்து தொழிலை மேற்கொண்டார். 1933இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கிற் காமராசரைச் சிக்க வைத்தபோது, அவருக்காக வாதாடியவருள் ஜோசப்பும் ஒருவர். சாட்சியங்கள் ஆராயப்பட்டபோது அவ்வழக்கு நில்லாதாயிற்று. செயலை ஆராயும் நீதிமன்றம் இருந்தமையால் ஓர் இளைஞர் மீண்டார். ஆராயக்கூடாதென்ற சட்டத்தின்கீழ் ஆயிரம் ஆயிரம் இளைஞர் மீளாதிருந்தனர். இவ்விரண்டையும் ஒருங்கே கண்டவர் இவர். 1937இல் மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் தேதி, ஐம்பத்தொன்று நிரம்புமுன்னரே, மதுரையிற் காலமானார்.

அவர் எதிர்த்த சட்டம் அவர் கண்மூடிய பின்னரும் ஒன்பதாண்டுகள் இருந்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும் நீங்கிற்று. அதன்கீழ் அடங்கியிருந்தோர் தமிழ்நாட்டிற் சீர்மரபினர் என வழங்கப்படலாயினர். ஏட்டிலிருந்த பெயர் நீங்கியது ஒரு நாளில். ஊரார் மனத்திலும் காவல் நிலையத்தார் மனத்திலும் படிந்த பெயர் நீங்குதற்கு எத்துணை நாள் ஆயிற்றென்பதை அனுபவித்தோரே அறிவர்.

அன்பர்காள்! இவ்வரலாற்றைப் படித்து அயலார் இழைத்த கொடுமையை நொந்துகொள்வதோடு நாம் அமைந்துவிடுதல் கூடாது. களவுபோன செய்தி கேட்டவுடன் இன்ன தெருவார்தாம் எடுத்திருப்பர் என்று கூறுபவர் நம்மிடையே இல்லையா? வேலை கேட்டு வந்தவனிடம் அவன் திறமையைக் கேட்குமுன் ஊரையும் குலத்தையும் கேட்பவர் நம்மிடையே இல்லையா? அரசாங்கம் அழித்த ஏட்டை நாம் நம் நெஞ்சில் வைத்திருப்போமாயின், குலத்தின் பெயரால் சங்கம் கூட்டுதற்கு நாம் தகுதியுடையோமல்லேம். ஒருவனை அவன் செய்கையைக் கொண்டே மதிப்பது என்று நம் இளைஞர் உறுதி கொள்வாராக. பிறர்க்கு இழைத்த அநீதியைத் தமக்கு இழைத்ததாகக் கருதிய ரோசாப்பூத் துரைக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவேயாகும்.