உள்ளூரில் விலைபோகாத வாத்தியார்

கால்பந்து என்றதும் பீலே, மரடோனா என்று அடுக்குவோம். ஆடியதைவிட, ஆடச் சொல்லிக்கொடுத்தே பேர் வாங்கியவர் ஒருவர் உண்டு: ஜிம்மி ஹோகன். 1882-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில், நெல்சன் என்ற மில் ஊரில் பிறந்தவர்.

பர்ன்லி, ஃபுல்ஹாம், போல்டன் கிளப்களில் ஆடினார். அந்தக் காலத்தில் அங்கே பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான். வாரம் முழுக்கப் பந்தைக் கண்ணில் காட்டாவிட்டால், சனிக்கிழமை மேட்சில் பசியோடு ஆடுவான் என்று ஒரு கணக்கு! ஹோகனுக்கு இது பிடிபடவே இல்லை. தினம் பழகாதவனுக்குப் பந்து எப்படிங்க பணியும்?

1910-ல் ஹாலந்தில் டோர்ட்ரெக்ட் கிளப்புக்குப் பயிற்சியாளராகப் போனார். பிறகு ஹ்யூகோ மெய்ஸ்ல் அழைத்ததால் வியன்னா. 1914-ல் போர் வெடித்ததும், எதிரி நாட்டான் என்று கைது செய்தார்கள். அப்புறம் புடாபெஸ்டின் எம்.டி.கே. கிளப் அவரைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. பூங்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ஓர்த், பிரவுன் என்ற இரண்டு பையன்களைக் கண்டுபிடித்து ஆளாக்கினார். 1917 முதல் 1925 வரை ஹங்கேரி சாம்பியன் அந்தக் கிளப்தான்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர், உதவித்தொகை கேட்டுக் கால்பந்து சங்கத்துக்குப் போனார். கிடைத்தது காக்கி சாக்ஸ்! எதிரி நாட்டில் இருந்தவனுக்கு இது போதும் என்கிற குத்தல் அது. மனுஷன் மறுபடி வெளிநாடு கிளம்பிவிட்டார்.

1934-ல் ஃபுல்ஹாம் அழைத்தது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று முணுமுணுப்பு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே வேலை போயிற்று. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த ஆஸ்திரியா வெள்ளி வாங்கியது. 1938-ல் ஆஸ்டன் வில்லாவை இரண்டாம் டிவிஷனில் ஜெயிக்க வைத்தார்.

1953 நவம்பர் 25. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த அணியிடமும் இங்கிலாந்து அதுவரை சொந்த மண்ணில் தோற்றதில்லை. வெம்ப்ளியில் புஷ்காஷின் ஹங்கேரி 6-3 என்று தோலுரித்தது. எங்களுக்குக் கால்பந்து கற்பித்தவர் ஹோகன்தான் என்று ஹங்கேரி சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச் வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஹோகனோ, வில்லாவின் இளம் பையன்களோடு கேலரியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்!

1974 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு ஜூலையில் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன், ட்ரெஸ்டனில் ஹோகனிடம் பாடம் படித்த பையன். வாத்தியாருக்கு இதைவிட என்னங்க மாலை வேண்டும்?