மழையில் நழுவிய கேடயம்

வங்காளத்தின் பந்தாட்ட ரசிகர்கள் கோஷ்டோ பாலைச் சீனப் பெருஞ்சுவர் என்று அழைத்தார்கள். எதிரியின் பந்து அவரைத் தாண்டிப் போவது அத்தனை அரிது. ஆயினும் விசித்திரம் பாருங்கள்! மோகன் பகான் கழகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய அந்த மாவீரருக்கு, ஐ.எப்.ஏ. கேடயமோ கல்கத்தா லீக் பட்டமோ ஒரு முறைகூடக் கிட்டவில்லை.

1896-ஆம் ஆண்டில், இப்போது பங்களாதேஷில் இருக்கும் போஜேசுவர் கிராமத்தில் அவர் பிறந்தார். இளமையிலேயே கல்கத்தா வந்து சேர்ந்தார். 1911-ல் மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. வெள்ளையரை வெறுங்காலால் வென்றார்கள் என்று நாடே பூரித்தது. அதற்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் பால் அக்கழகத்தில் சேர்ந்தார். அப்பொழுது அவர் மீசை அரும்பும் பையன்.

அவர் ஆடியது பின்வரிசையில். பூட்ஸ் அணிந்த பட்டாளத்து ஆட்டக்காரர்கள் பாய்ந்து வரும்போது, வெறுங்காலுடன் எதிரே போய் நிற்பது விளையாட்டல்ல. எலும்பு முறியலாம். பால் அசையமாட்டார். பந்தைப் பறித்து ஓங்கி உதைத்தால் அது மைதானத்தின் மறுபாதியில் போய் விழும்.

1921-ல் அவர் தலைவரானார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பொன்னான வாய்ப்பு வந்தது. 1923-ல் மோகன் பகான், கேடயத்தின் இறுதிப் பந்தயத்தை எட்டியது. எதிரே கல்கத்தா எப்.சி. - ஐரோப்பியரின் கழகம், முந்திய ஆண்டு கேடயம் வென்ற குழு. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் கேடயம் திரும்பிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

மழை வந்தது. மைதானம் சேறாயிற்று. காய்ந்த தரையில் வெறுங்காலுக்குப் பந்து அடங்கி நடக்கும். திடீரென்று திரும்பலாம், சிட்டாய்ப் பறக்கலாம். சேற்றில் அந்தக் கால்களுக்குப் பிடிமானம் ஏது? அடிப்புறம் கட்டைகள் பதித்த பூட்ஸ் மண்ணைக் கவ்வி நின்றது. மோகன் பகான் வழுக்கி விழுந்தது. முடிவு 0-3.

மழையை மட்டும் திட்டுவது நியாயமல்ல. 1922 முதல் 1924 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கேடயம் வென்ற கல்கத்தா எப்.சி. லேசுப்பட்ட குழு அல்ல. தவிரவும், கல்கத்தாவில் பந்தாட்டம் நடப்பதே மழைக்காலத்தில்தானே! பூட்ஸ் போட்டுப் பழகியிருக்கலாகாதா? செலவு ஒரு காரணம், பழக்கம் ஒரு காரணம். 1911-ன் பெருமை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் என்றே தோன்றுகிறது. வெறுங்கால் வெற்றியைக் கொண்டாடியவர்களுக்கு அந்த வெறுங்காலை விட்டுவிட மனம் வரவில்லை. பின்னர், 1934 முதல் 1938 வரை தொடர்ந்து லீக் பட்டம் வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் குழுவினர் ஈர நாட்களில் பூட்ஸ் அணிந்தே ஆடினார்கள்.

அதே 1923-ல் பம்பாயில் இன்னொரு ஏமாற்றம் காத்திருந்தது. ரோவர்ஸ் கோப்பையின் இறுதிப் பந்தயம் வரை முன்னேறிய மோகன் பகான், டர்ஹாம் பட்டாளத்திடம் 1-4 என்று தோற்றது. ஒரே ஆண்டில் இரண்டு கோப்பைகள் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போயின.

பால் சோர்ந்துவிடவில்லை. 1925-ல் சிம்லாவில் நடந்த டுராண்ட் பந்தயத்தில் மோகன் பகான் அரையிறுதி வரை சென்றது. 1933-ல் இலங்கைக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு அவரே தலைவர். 1935-ல் ஆட்டத்திலிருந்து விலகினார்.

அவர் விலகிய நாலாம் ஆண்டில், 1939-ல், மோகன் பகான் முதல் முறையாக லீக் பட்டம் வென்றது. கேடயம் மறுபடி வர 1947 ஆயிற்று. அப்போது பாலுக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 1962-ல் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அதைப் பெற்ற முதல் பந்தாட்டக்காரர் அவரே. 1976-ல் காலமானார். ஈடன் தோட்டத்துக்கு எதிரே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.