விரலுக்கு எட்டும் அலை

செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படிகளில் மூச்சுவாங்க அமர்ந்து மணிக்கட்டில் விரல் வைக்கும்போதெல்லாம் எனக்குத் தாமஸ் யங் நினைவுக்கு வருகிறார். 1773இல் இங்கிலாந்தில் பிறந்த மருத்துவர். ஒளி அலை என்பதற்குச் சான்று காட்டியவர். எகிப்தியச் சித்திர எழுத்தையும் விட்டுவைக்காதவர். 1808இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதயம், தமனிகள் குறித்து உரையாற்றினார். நாடியாக விரலில் தட்டுப்படுவது இதயத்திலிருந்து அக்கணமே பாய்ந்துவந்த குருதியன்று. நெகிழும் தமனிச் சுவர் வழியே குருதியைவிடப் பன்மடங்கு விரைந்து வரும் அழுத்த அலை. அதன் வேகத்தைச் சுவரின் நெகிழ்ச்சியைக் கொண்டு அவர் கணக்கிட்டார். சுவர் இறுகினால் அலை விரையும். தமனியின் முதுமையை இன்று மருத்துவர்கள் அளப்பதும் இவ்வேகத்தைக் கொண்டுதான். (என் தமனிகளும் இறுகத் தொடங்கிவிட்டனவாம்.) யங் 1829இல், 55 வயதில் மறைந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய பெருந்தமனி இறுகிப்போயிருந்தது தெரிந்தது.