காயத்தின் தடம் தேடிய ஜிம் கோர்பெட்

வேட்டைக்காரனின் பொறுப்பு எங்கே முடிவடைகிறது? குறிபார்த்துச் சுடுவதோடு முடிந்துவிடுகிறதா? அல்லது அடிபட்டு ஓடிய விலங்கைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் துன்பத்துக்கு முடிவு காண்பது வரை நீள்கிறதா? இவ்வினாவுக்குத் தமது வாழ்க்கையாலேயே விடை கூறியவர் ஜிம் கோர்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்திய வீரர் என்றே உலகம் அவரை நினைவுகூர்கிறது. அப்புலிகள் ஏன் ஆட்கொல்லிகள் ஆயின என்று அவர் ஆராய்ந்து கண்டதே அவ்வீரத்தினும் மேலானது.

1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி வட இந்தியாவின் நைனிடாலில் அவர் பிறந்தார். தந்தை அவ்வூரின் தபால் அதிபர். ஜிம் சிறுவனாக இருந்தபோதே தந்தை காலமானார். பெரிய குடும்பத்தைத் தாயார் சிரமப்பட்டுப் பேணினார். குளிர்காலங்களில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவரும். அங்குள்ள காடே ஜிம்முக்குப் பள்ளிக்கூடமாயிற்று. முதலில் கவண், அடுத்து உண்டைவில், பின்னர் அம்பும் வில்லும் என அவர் படிப்படியாக முன்னேறினார். பின்பு கிடைத்த துப்பாக்கியோ ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்த பழைய ஆயுதம். மருந்தும் சன்னமும் அருமையாகவே கிடைத்தமையால், நெருங்கிச் செல்லாமல், உறுதியில்லாமல் சுடுவதில்லை என்ற பழக்கம் அவரிடம் இளமையிலேயே வேரூன்றியது.

இளைஞரானதும் ரயில்வே வேலைக்குச் சென்று, கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் துறையில் சரக்குகளை இடம்மாற்றும் ஒப்பந்தப் பணியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். 1907இல் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. நேபாளத்திலும் குமாவோன் மலைகளிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை ஒழிக்க வேண்டும் என்பதே அது. கோர்பெட் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தார். அறிவிக்கப்பட்ட பரிசுத் தொகை இரத்துச் செய்யப்பட வேண்டும். ஏனைய வேட்டைக்காரர்கள் அங்கிருந்து விலக்கிக்கொள்ளப்பட வேண்டும். உயிருக்கு விலை வாங்குபவர் என்ற பெயரை அவர் விரும்பவில்லை.

புலி வீழ்ந்தது. அதன் வாயைச் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டின் விளைவு அது. இயற்கையான இரையைக் கொல்ல இயலாத நிலையிலேயே அது மனிதனை நாடியிருக்கிறது. சுட்டவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. அவர் அன்று அந்தப் புலியைத் தேடிச் சென்று முடித்திருந்தால், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் துயரத்தில் ஆழ்ந்திருக்கமாட்டா. 1938இல் அவர் சுட்ட தாக் பெண்புலியின் உடலிலும் பழைய துப்பாக்கிக் காயங்கள் காணப்பட்டன.

1944இல் வெளியான தமது நூலின் முன்னுரையில் அவர் இதைத் தெளிவாகவே பதிவு செய்தார். புலி இயல்பில் மனிதனை உண்பதன்று. காயமோ முதுமையோ அதை அந்நிலைக்குத் தள்ளுகிறது. அக்காயம் பலவேளைகளில் கவனமின்றிச் சுட்டு, பின்தொடராமல் விட்டவனின் குற்றமாகும் என்பதே அவர் கருத்து. முள்ளம்பன்றியின் முட்களும் அதே கேட்டைச் செய்வதுண்டு என்று நேர்மையுடன் அவர் சேர்த்துக்கொண்டார்.

மானின் கதி இதனினும் மறைவானது. அடிபட்ட புலி பழிதீர்க்கக் கூடும். மான் மௌனமாகப் புதருக்குள் ஒதுங்கிவிடும். அம்பு இரத்தப்போக்கினாலேயே கொல்கிறது; ஆகவே அம்பு தைத்த மான் நின்ற இடத்திலேயே விழுவது அரிது. இலைகளில் நுரைத்த செந்நிற இரத்தம் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது; கறுத்துக் குடற்கழிவு கலந்திருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது. வயிற்றில் பட்ட மான் பல மணி நேரம் உயிரோடு வதைபடும். துப்பாக்கிக் குண்டு தவறான இடத்தில் பட்டாலும் நிலை அதுவே. இத்தடயங்களை வாசிக்கத் தெரியாதவனும், வாசிக்கப் பொறுமையற்றவனும் வில்லையோ துப்பாக்கியையோ தொடுவதற்கே தகுதியற்றவர்கள்.

இது மேல்நாட்டார் கண்டுபிடித்த அறமன்று. நம் அகப்பொருள் மரபில் கலைமான் வினாதல் என்றொரு துறை உண்டு. தான் எய்த அம்போடு ஓடிய மான் இவ்வழி வந்ததா என்று தலைவன் கேட்பான். அது காதலுக்கு ஒரு சாக்குத்தான். எனினும் அடிபட்ட விலங்கைத் தேடிச் செல்வது வேட்டுவனின் இயல்பான கடமை என்று கருதப்பட்டதாலேயே அந்தச் சாக்கு எடுபட்டது. இஸ்லாமிய மரபிலும் ஹாத்திம் தாயின் மகனான அதீ (ரலி) அவர்கள் வேட்டை பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் விளக்கம் கேட்டமை ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. ஓரிரு நாள் கழித்துக் கண்டெடுத்த விலங்கில் தன் அம்பின் காயம் மட்டுமே இருந்தால் உண்ணலாம். நீரில் விழுந்து கிடந்தால் உண்ணலாகாது. உணவின் அனுமதி பற்றிய சட்டமே எனினும், விலங்கு எவ்வாறு இறந்தது என்பதை வேட்டைக்காரன் அறிந்திருக்க வேண்டும் என்ற கண்டிப்பு அதில் அடங்கியுள்ளது. தேடாதவன் அதை எவ்வாறு அறிவான்?

கோர்பெட்டும் குறையற்றவர் அல்லர். 1930இல் எவருக்கும் தீங்கிழைக்காத பவால்கர் ஆண்புலியை அதன் பருமனுக்காகவே சுட்டார். முதற் குண்டு உயிரைப் போக்கவில்லை. வெறிகொண்ட அப்புலியை அவர் விட்டுவிட்டு வரவில்லை. அடுத்த நாட்களிலும் உயிரைப் பணயம் வைத்துத் தேடி முடித்தார். அச்செயலில் அவரது குற்றமும் பொறுப்புணர்வும் ஒருங்கே தெரிகின்றன. பிற்காலத்தில் அவர் படம்பிடிக்கும் கருவியையே பெரிதும் நாடினார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணைநின்றார். 1947இல் சகோதரி மேகியுடன் கென்யாவுக்குச் சென்ற அவர், 1955 ஏப்ரல் 19ஆம் திகதி நியேரியில் காலமானார். பின்னர் அப்பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1973இல் இந்தியாவின் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கேதான் தொடங்கப்பட்டது.

மன்னார்த் தீவில் உப்புக்குளம் போன்ற ஊர்களில் வாழும் நமக்குக் காடு தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குச் சென்றால் மடுவும் முசலியும் வில்பத்தும் உள்ளன. மானையும் மரையையும் வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். ஆயினும் கண்ணிகளும் கட்டுத்துப்பாக்கிகளும் இந்நாட்டுக் காடுகளில் ஓயவில்லை. 2020 மே மாதம் மலையகத்தின் நல்லதண்ணி தோட்டப் பகுதியில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. கோர்பெட் கண்டித்தவன் சுட்டுவிட்டுத் தேடாத வேட்டைக்காரன். கண்ணி வைப்பவனோ அவனிலும் கீழானவன். காயம் விளையும் வேளையில் அவன் அங்கே இருப்பதே இல்லை. சிக்கியது மானா, சிறுத்தையா, விறகு பொறுக்கச் சென்ற மனிதனா என்பது அவனுக்குத் தெரியாது. அவ்விறைச்சியை விலைகொடுத்து வாங்குவோர் இருக்கும்வரை கண்ணிகளும் இருக்கும். அந்தக் காயத்தில் தமக்கும் பங்குண்டு என்பதை வாங்குவோரும் உணர வேண்டும்.