நடக்க முடியாத பையன் நடையில் வென்றான்!

குட்டீஸ், நீங்கள் எத்தனை மாதத்தில் நடக்க ஆரம்பித்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பத்து மாதம், ஒரு வயது என்று ஏதாவது சொல்வார். கூடவே, நடைவண்டியைத் தள்ளிக் கொண்டு போய் நிலைப்படியில் முட்டிய கதையும் வரும்!

இங்கிலாந்தில், ஃபேர்ஹாம் என்ற ஊரில், 1894ம் ஆண்டு பிறந்த டாமி கிரீனுக்கு அப்படி ஒரு கதையே கிடையாது. ஐந்து வயது வரை அவனால் நடக்க முடியவில்லை. காரணம், 'ரிக்கெட்ஸ்' என்ற நோய். உடம்புக்கு வைட்டமின் டி போதாவிட்டால், குழந்தைகளின் எலும்பு உறுதியாக வளராது. கால்கள் வளைந்து விடும். நம் மீது வெயில் பட்டாலே இந்த வைட்டமினை உடம்பு தானே தயாரித்துக் கொள்ளும். இதெல்லாம் 1920களில்தான் தெளிவாகத் தெரிய வந்தது. டாமி குழந்தையாக இருந்தபோது, டாக்டர்களுக்கே இது புதிர்தான்.

ஐந்து வயதில் ஒருவழியாக எழுந்து நடந்தான் டாமி. அதற்குப் பிறகு அவன் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ராணுவத்தில் சேர ஆசை. வயதோ போதாது. என்ன செய்தான் தெரியுமா? வயதைக் கூட்டிச் சொல்லி, குதிரைப்படையில் சேர்ந்து விட்டான்! (நீங்கள் இந்த வேலையெல்லாம் செய்யாதீர்கள்.) ஆனால், ஒருநாள் குதிரை அவன் மேலேயே விழுந்து விட்டது. பலத்த காயம். படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள்.

1914ல் முதல் உலகப்போர் தொடங்கியது. பழைய வீரர்களைத் திரும்பக் கூப்பிட்டபோது, டாமி கிரீனும் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். அங்கே மூன்று முறை காயம்பட்டார். போதாததற்கு, எதிரிகள் வீசிய விஷவாயுவையும் சுவாசித்து அவதிப்பட்டார். விஷவாயு நுரையீரலைப் பாழாக்கும். படிக்கட்டு ஏறினாலே மூச்சு வாங்கும்.

போர் முடிந்தது. ஈஸ்ட்லீ என்ற ஊரில் இருந்த ரயில்வே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை, வீடு என்று நாட்கள் ஓடின. வயதும் முப்பதைத் தாண்டியது.

இந்த நேரத்தில்தான் அவருடைய நண்பர் ஒருவர் கதைக்குள் வருகிறார். அவர் போரில் பார்வையை இழந்தவர். அப்படிப் பார்வை இழந்த வீரர்களுக்கு உதவ, லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற அமைப்பு இருந்தது. அந்த அமைப்பு, லண்டனிலிருந்து பிரைட்டன் வரை ஒரு நடைப்போட்டி நடத்தியது. கடற்கரை நகரமான பிரைட்டனுக்கு 80 கி.மீ.,க்கும் மேலே நடக்க வேண்டும்! நண்பருக்கு அதில் கலந்துகொள்ள ஆசை. பயிற்சிக்கு டாமி கிரீன் உதவினார். நண்பரை நடக்க வைப்பதற்காகத் தானும் நடந்து, நடந்து... ஒருநாள் அந்த நண்பரே, நீயும் போட்டிக்குப் போயேன் என்று தூண்டி விட்டார். கண் தெரியாத அவர்தான், டாமி கிரீனின் திறமையை முதலில் கண்டுபிடித்தவர்!

1926ல், 32 வயதில், முதல் போட்டியில் இறங்கினார். அதிலேயே முதல் இடம்!

நடைப்போட்டி என்றால் சும்மா நடப்பது இல்லை, குட்டீஸ். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பினால் அது ஓட்டம். நடுவர்கள் வழியெல்லாம் நின்று கவனிப்பார்கள். தப்பு செய்தால் வெளியேற்றி விடுவார்கள். இடுப்பை வெட்டி வெட்டி நடப்பதைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். முதல் முறை டி.வி.,யில் பார்த்தபோது, நானும் சிரித்தவன்தான். நூறு மீட்டர் அப்படி நடந்து பாருங்கள், அப்புறம் சிரிப்பு வராது!

லண்டன் - பிரைட்டன் நடைப்போட்டியில் நான்கு முறை வென்றார் கிரீன். 1930ல் இத்தாலிக்குப் போய், மிலன் நகரில் நடந்த 100 கி.மீ., போட்டியிலும் ஜெயித்தார்.

அடுத்து, 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். 50 கி.மீ., நடைப்போட்டி ஒலிம்பிக்கில் அப்போதுதான் முதல் முறையாக இடம் பெற்றது. 400 மீட்டர் மைதானத்தை 125 முறை சுற்றினால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம்! கிரீனுக்கு வயது 38. எதிரே, ஏற்கனவே மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இத்தாலி வீரர் உகோ ஃப்ரிஜேரியோ. அவருக்கு 30 வயது. லாட்வியா நாட்டின் யானிஸ் டாலின்ஷுக்கோ 27 வயதுதான்.

ஆகஸ்ட் மாத வெயில். இங்கிலாந்தின் குளிருக்குப் பழகிய உடம்பு திணறியது. நடுவில் கிரீன் பின்தங்கினார். விஷவாயுவைச் சுவாசித்த நுரையீரல், வளைந்து கிடந்த கால்கள், குதிரை விழுந்த உடம்பு... அவ்வளவுதான் என்று நினைக்கத்தானே தோன்றும்? அவர் விடவில்லை. மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டி, இளைஞர்களைத் தாண்டினார். 4 மணி 50 நிமிடம் 10 விநாடியில் எல்லையைத் தொட்டார். மணிக்கு 10 கி.மீ.,க்கும் அதிக வேகம்! உங்களில் பலர் ஓடினால்தான் அவரோடு கூடவே போக முடியும். இரண்டாவதாக வந்த டாலின்ஷ், ஏழு நிமிடம் கழித்துத்தான் வந்தார். தோற்றாலும் அவருக்கும் பெருமைதான். லாட்வியா நாடு வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே அந்த வெள்ளிதான்.

நாற்பது வயதுக்குப் பிறகும் கிரீன் நடப்பதை விடவில்லை. 1936 ஒலிம்பிக்கிற்கும் முயன்றார். அப்போது வயது 42. அணியில் இடம் கிடைக்கவில்லை. 1975ல், ஈஸ்ட்லீயிலேயே காலமானார்.

50 கி.மீ., நடையில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். எத்தனையோ ஒலிம்பிக் வந்து போயும், அந்தச் சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டியோடு, 50 கி.மீ., நடையையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்து விட்டார்கள். தாத்தாவை முந்த, போட்டியே இல்லாமல் போய்விட்டது!