நாடி அறிந்த நல்லறிஞர் இப்னு சீனா

தேர்வு நெருங்கும் நாள்களில், கோவையிலும் பொள்ளாச்சியிலும் ஈரோட்டிலும் பயிலும் இளையோர் சிலர், காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லக் கேட்கிறோம். பயந்துவிட்டான் என்பார் சிலர்; மந்திரித்துக் கயிறு கட்டுவார் சிலர். நாடியைத் தொட்டுப் பார்ப்போர் சிலரே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இளையோரின் நாடியைத் தொட்டு ஆராய்ந்த பேரறிஞர் ஒருவரின் வாழ்வை இங்கு நினைவுகூர விழைகின்றோம்.

கி.பி. 980இல் புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் இப்னு சீனா பிறந்தார். பத்து வயதிலேயே திருமறையை மனனம் செய்தார். பதினாறு வயதில் மருத்துவம் பார்த்தார். மன்னர் நூஹ் இப்னு மன்சூரின் நோய்க்கு மருத்துவம் செய்ததன் பயனாக அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது. பின்னர் ஹமதானில் அமைச்சரானார்; சிறையும் கண்டார். இத்தனை அலைச்சலுக்கிடையே ஐந்து பகுதிகள் கொண்ட 'கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலையும், இதய மருந்துகள் பற்றிய தனி நூலையும் ஆக்கினார். 1037இல் ஹமதானில் மறைந்தார்.

காதல் நோயுற்றோரின் நாடியில் விரல் வைத்துப் பல பெயர்களைச் சொல்லிவர, உரிய பெயர் வரும்போது நாடி மாறுவதைக் கொண்டு காரணத்தை அறியலாம் என அவர் கானூனில் எழுதினார். மனத்தின் சுமை இதயத்தில் ஒலிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதனை ஊகத்தால் முடிவு செய்யாமல் தொட்டுப் பார்த்தே அறிந்தார்.

எனினும் விரல் மட்டும் அறிய முடியாதனவும் உண்டு. 1930இல் வோல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்னும் மூவர், திடீர்ப் படபடப்பு வந்து போகும் பதினொருவரின் இதய மின்பதிவை ஆராய்ந்து வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் நலமாகத் தோன்றிய இளையோரே. பிறவியிலேயே இதயத்தில் அமைந்த கூடுதல் மின்பாதையே காரணம் என்பது பின்னர்த் தெளிந்தது. இன்று அப்பாதையைக் கதீட்டர் வழியே அகற்றிக் குணப்படுத்தவும் இயலும். இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காய்ச்சல், மன அச்சம் ஆகியனவும் படபடப்பைத் தரலாம்.

ஓய்வில் இருக்கையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. அமர்ந்திருக்கும்போதே துடிப்பு திடீரென மிகுந்தாலும், ஓடும்போது மயக்கம் வந்தாலும், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென மறைந்திருந்தாலும், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் சென்று மின்பதிவு எடுத்தல் வேண்டும். பெரியோர்களே, பிள்ளைகளின் படபடப்பைக் கோழைத்தனம் என்று ஒதுக்காதீர்கள். மாணவர்களே, சொல்ல நாணாதீர்கள். முடிவுக்கு முன் ஆய்வு என்பதே இப்னு சீனா நமக்கு விட்டுச் சென்ற செல்வம்.