ரமாபாய் கண்ட முக்தி

பழைய துயரை விட்டுவிடுவதை மறதி என்றே நாம் பலரும் கொள்கிறோம். பண்டித ரமாபாயின் வாழ்க்கை என்னை வேறு விதமாக எண்ண வைக்கிறது.

1858இல் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோரையும் அக்காளையும் பஞ்சத்துக்குப் பறிகொடுத்தார். பின்னர் அண்ணனும் மறைந்தார். 1882இல் கணவரைக் காலரா கொண்டுபோனது. மறு ஆண்டு இங்கிலாந்தில், மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். சமாரியப் பெண்ணை வெறுக்காமல் பேசிய கிறிஸ்துவிடம் அவர் மனம் இளைப்பாறியது.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் மூண்டபோது, பழைய நினைவுக்கு அஞ்சி அவர் ஒதுங்கவில்லை. நேரில் சென்று, ஆதரவற்ற சிறுமியர் நூற்றுக்கணக்கானோரை மீட்டு வந்தார். புணே அருகே கேட்காவ் கிராமத்தில் அவர்களுக்கு அமைந்த இல்லத்தின் பெயர் முக்தி.

தன்னை அநாதையாக்கிய பஞ்சம் மீண்டும் வந்தபோது, அவர் அநாதைகளுக்குத் தாயானார். துயரின் பிடி தளர்ந்ததற்கு இதைவிட நம்பத்தக்க சான்றை நான் அறியேன்.